பறக்கும் தட்டும் பறக்கும் டாலரும்

2023 பிப்ரவரி 10, 11, 12 ஆகிய மூன்று நாட்களில் உலகத்திலேயே பெரிய விமானப் படை ஒரு வீர யுத்தம் நடத்தியது. எதிரி யார்? தெரியாது. எந்த நாட்டிலிருந்து வந்தான்? தெரியாது. ஆயுதம் வைத்திருந்தானா? அதுவும் தெரியாது. ஆயினும் ஏவுகணைகள் பாய்ந்தன. அலாஸ்காவின் வட கரையில் ஒரு பொருள் வீழ்த்தப்பட்டது. மறுநாள் கனடாவின் யூகான் பகுதியில் ஒன்று. அதற்கும் மறுநாள் ஹ்யூரான் ஏரிக்கு மேலே ஒன்று. ஹ்யூரான் ஏரியில் முதலில் விட்ட ஏவுகணை குறி தவறித் தண்ணீருக்குள் போயிற்று, இன்னொன்று விடவேண்டியதாயிற்று. ஏவுகணை ஒன்றின் விலை 4 லட்சம் டாலருக்கு மேல்!

வீழ்ந்தவை என்ன? பிப்ரவரி 16-ந் தேதி அன்றைய அமெரிக்க ஜனாதிபதி பைடன் வாய் திறந்தார். தனியார் கம்பெனிகளோ, ஆராய்ச்சி ஸ்தாபனங்களோ, பொழுதுபோக்குக்காரர்களோ பறக்கவிட்ட பலூன்களாகவே அவை இருக்கக்கூடும் என்றார். இதே சமயத்தில் இல்லினாய் மாகாணத்தில் பொழுதுபோக்குக்காகச் சிறு பலூன்கள் விடும் சங்கத்தார் சிலர், அலாஸ்கா பக்கம் போய்க்கொண்டிருந்த தங்கள் பலூனைக் காணவில்லை என்று தெரிவித்தார்கள். சுட்டது அதைத்தான் என்று நிரூபணமாகவில்லை. சிதறிய துண்டுகள் கிடைக்காமலே தேடுதல் கைவிடப்பட்டது. அத்தகைய பலூனின் விலை சில டாலர்களிலிருந்து நூற்றுச் சொச்சம் டாலர் வரைதான்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையை நாம் கேட்டிருக்கிறோம். இங்கே கொளுத்தியவனுக்கு வீடும் சொந்தமில்லை, நெருப்புக்குச்சியும் சொந்தமில்லை. இரண்டும் அமெரிக்க உழைப்பாளி கொடுத்த வரிப் பணம்!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கூத்து ஒரு வாரத்துக் கூத்தல்ல. முக்கால் நூற்றாண்டாக அமெரிக்க ராணுவம் 'ஆகாயத்தில் தென்படும் அடையாளம் தெரியாத பொருள்கள்' பற்றி விசாரணை நடத்திக்கொண்டே இருக்கிறது. விசாரிப்பவன் யார், விசாரணையால் மறைக்கப்பட்டது எது, அதனால் மாண்டவர் யார் - இவற்றைத்தான் நாம் கேட்கிறோம்.

ஒரே ஆண்டில் பிறந்த குழந்தைகள்

1947-ம் வருஷத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். மார்ச் மாதம் ட்ரூமன் தமது பிரசித்தி பெற்ற 'கோட்பாட்டை' அறிவித்துக் குளிர் யுத்தத்துக்குக் கொடியேற்றினார். அதே மாதம் சர்க்கார் ஊழியர்களின் 'விசுவாச'த்தைச் சோதிக்கும் உத்தரவு பிறந்தது. ஜூன் 24-ந் தேதி ரெய்னியர் மலையருகே தமது சிறு விமானத்தில் சென்ற கென்னத் ஆர்னால்ட் என்பவர், ஒன்பது பொருள்கள் மின்னிக்கொண்டு அதிவேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். பத்திரிகைகள் அவற்றுக்குப் 'பறக்கும் தட்டு' என்று பெயர் வைத்தன. ஜூலை இறுதியில் புதிய சட்டம் வந்தது. அதன்படி சி.ஐ.ஏ. என்ற உளவு ஸ்தாபனமும், தரைப்படையிலிருந்து பிரிந்த தனி விமானப் படையும் செப்டம்பரில் உதயமாயின.

தட்டும், உளவும், தனி விமானப் படையும் ஒரே வருஷத்துக் குழந்தைகள். மூன்றும் ஒரே தொட்டிலில் வளர்ந்தன.

அந்த ஜூலை 8-ந் தேதி நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் விமானத் தளம், 'பறக்கும் தட்டு' ஒன்று தன் கையில் சிக்கியிருப்பதாகப் பத்திரிகைகளுக்கு அறிவித்தது. சில மணி நேரத்திற்குள் அறிவிப்பு தலைகீழாயிற்று: அது தட்டல்ல, வெறும் வானிலை பலூன்! எந்தத் தளம் அது தெரியுமா? ஹிரோஷிமா மீதும் நாகசாகி மீதும் அணுகுண்டு போட்ட படைப்பிரிவு குடியிருந்த தளம்.

உண்மையில் அது தட்டுமல்ல, சாதாரண வானிலை பலூனுமல்ல. சோவியத் யூனியன் அணுகுண்டு வெடித்துச் சோதித்தால் அந்த ஓசையை உயர்ந்த காற்று மண்டலத்தில் ஒட்டுக்கேட்பதற்காக, ஒலிவாங்கிகளைக் கட்டிப் பறக்கவிட்ட பலூன் தொடர் - 'மோகல்' என்ற ரகசியத் திட்டம். இந்த விளக்கத்தை விமானப் படை எப்போது வெளியிட்டது? 1994-ல்! ஒரு பிரதிநிதி சபை அங்கத்தினர் கிளப்பிய கேள்வியால் தணிக்கை விசாரணை துவங்கிய பிறகு. யாரை ஒட்டுக்கேட்கப் பலூன் விட்டார்களோ அந்தச் சோவியத் யூனியனே கலைந்து மூன்று வருஷங்கள் ஆனபிறகு!

சொந்த வீரனுக்கும் சொல்லாத ரகசியம்

'ராணுவ ரகசியத்தைக் கடைத்தெருவில் கூவ முடியுமா?' என்று பென்டகனின் வக்கீல்கள் கேட்பார்கள். சரி, கடைத்தெரு வேண்டாம். சொந்தப் படைவீரனுக்காவது சொன்னார்களா?

1948 ஜனவரி 7. கென்டக்கி மாகாணத்தின் ஆகாயத்தில் பெரிய வெள்ளைப் பொருள் ஒன்று தெரிந்தது. விமானம் ஓட்டிக்கொண்டிருந்த காப்டன் தாமஸ் மான்டெலிடம் அதைப் பார்க்கும்படி சொன்னார்கள். வயது 25. பிராணவாயு வசதி இல்லாத விமானத்தில் அந்த இளைஞர் மேலே மேலே ஏறினார். நினைவிழந்தார். விமானம் நொறுங்கியது, அவரும் மாண்டார். முதலில் சுக்கிரனைக் கண்டு ஏமாந்தார் என்று பேசினார்கள். பிற்கால விசாரணையாளர்கள் வந்த முடிவு வேறு: அமெரிக்கக் கடற்படை பறக்கவிட்ட 'ஸ்கைஹூக்' என்ற ராட்சச பலூனாகவே அது இருக்கவேண்டும். அந்தத் திட்டம் அப்போது ரகசியம். கடற்படையின் பலூன் விமானப் படைக்காரனுக்குத் தெரியாது! தெரிந்திருந்தால் அந்த உயிர் போயிருக்குமா?

அந்த மாதமே 'சைன்' என்ற பெயரில் விமானப் படையின் முதல் விசாரணைக் குழு வேலை துவங்கியது. 1949-ல் அதன் பெயர் 'கிரட்ஜ்' என்று மாறியது. 1952-ல் 'நீலப் புத்தகம்' ஆயிற்று. பெயர்தான் மாறியது; எஜமானன் மாறவில்லை. ஒஹாயோவின் ரைட்-பாட்டர்சன் விமானத் தளத்தில் உட்கார்ந்துகொண்டு, மக்கள் கண்ணால் கண்டதைக் கோப்பில் போட்டுப் பூட்டும் வேலை 1969 வரை நடந்தது.

வானத்தை விட்டு மக்களைப் பார்த்தார்கள்

1952 ஜூலையில் இரண்டு வாரக் கடைசிகளில் வாஷிங்டன் நகரத்தின் மேலேயே ராடார் திரைகளில் இனம் தெரியாத புள்ளிகள் தோன்றின. போர் விமானங்கள் துரத்தின, ஒன்றும் அகப்படவில்லை. வெப்பநிலை தலைகீழாய் நின்ற காற்றடுக்கினால் ராடார் ஏமாந்திருக்கலாம் என்று விமானப் படைத் தளபதி பத்திரிகையாளரிடம் விளக்கினார். விளக்கம் பொருந்தக்கூடியதே. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்கவேண்டும்.

1953 ஜனவரியில் சி.ஐ.ஏ. ஒரு விஞ்ஞானிகள் குழுவைக் கூட்டியது. தலைவர் பௌதிக அறிஞர் ராபர்ட்சன். சில நாட்கள் கூடி, சில சம்பவங்களைப் புரட்டிப் பார்த்து, இவற்றால் தேசத்துக்கு நேரடி அபாயம் எதுவுமில்லை என்று முடிவு செய்தார்கள். நல்லது! அபாயமில்லையென்றால் கோப்புகளைத் திறந்து மக்கள் முன் வைக்கவேண்டியதுதானே? குழு சிபாரிசு செய்தது என்ன? பத்திரிகை, சினிமா, டெலிவிஷன் மூலம் மக்களின் ஆர்வத்தைத் தணிக்கும் பிரசாரம் நடத்தவேண்டும். டிஸ்னியின் சித்திரப் படக் கம்பெனியையும் அதற்குப் பயன்படுத்தலாம். தட்டுகளைப் பற்றி ஆராயும் தனி மனிதர்களின் சங்கங்கள் மீது ஒரு கண் வைக்கவேண்டும்!

பார்த்தீர்களா? ஆகாயத்தில் அபாயமில்லையாம், ஆகாயத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் குடிமகனிடம்தான் அபாயமாம்! மக்கார்தியின் வேட்டை உச்சத்திலிருந்த அந்த நாட்களில் 'கண் வைப்பது' என்றால் என்ன பொருள் என்பதை அமெரிக்கத் தொழிலாளிகளும் ஆசிரியர்களும் நடிகர்களும் அனுபவித்து அறிந்தார்கள்.

அதே வேட்டையில் சிக்கியவர் எட்வர்ட் காண்டன் என்ற விஞ்ஞானி. 1948-ல் 'அமெரிக்க விரோதச் செயல்கள்' கமிட்டி அவரை, அணு ரகசியப் பாதுகாப்பில் மிகப் பலவீனமான கண்ணிகளில் ஒன்று என்று தூற்றியது. 1966-ல் மக்கள் சந்தேகம் முற்றி, தட்டு விவகாரத்தை முடித்துக்கொள்ள விமானப் படைக்கு ஒரு கௌரவமான பெயர் தேவைப்பட்டது. யாரிடம் போனார்கள்? தூற்றப்பட்ட அதே காண்டனிடம்! கொலராடோ சர்வகலாசாலையில் அவர் நடத்திய ஆய்வு, இந்த விசாரணையால் விஞ்ஞானத்துக்கு லாபமில்லை என்று கூறியது. 1969 டிசம்பரில் 'நீலப் புத்தகம்' மூடப்பட்டது. மொத்தம் 12,618 சம்பவங்கள். அடையாளம் காணாமல் விடப்பட்டவை 701.

யாரிடமிருந்து ரகசியம்?

இப்போது முக்கியமான சாட்சிக்கு வருவோம்.

1955 ஆகஸ்டில் யு-2 என்ற வேவு விமானம் முதன்முதலாகப் பறந்தது. பயணி விமானங்கள் 10,000 முதல் 20,000 அடி உயரத்தில் பறந்த காலம். யு-2 பறந்ததோ 60,000 அடிக்கும் மேலே! கீழே அந்தி சாய்ந்து இருட்டான பிறகும் அந்த உயரத்தில் வெயில் உண்டு. வெள்ளி நிற இறக்கைகளில் சூரியன் பட்டுப் பளிச்சிட்டது. கண்ட விமானிகள், 'நெருப்புப் போன்ற பொருள் ஒன்று மனிதனால் எட்டமுடியாத உயரத்தில் பறக்கிறது' என்று கடமை உணர்ச்சியோடு எழுதி அனுப்பினார்கள். 'நீலப் புத்தக' அதிகாரிகள் என்ன செய்தார்கள்? சி.ஐ.ஏ.யைக் கேட்டு, யு-2 பறந்த நேரங்களோடு ஒப்பிட்டு, உண்மையைத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டு, எழுதியவர்களுக்குப் பனித்துகள் என்றும் வெப்பக் காற்றடுக்கு என்றும் பதில் சொன்னார்கள்!

இது நமது கற்பனையல்ல. சி.ஐ.ஏ.யின் சரித்திர ஆசிரியரே 1997-ல் எழுதியது. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய வேவு விமானங்களால் வந்தவை என்று அவர் கணக்குச் சொன்னார். கணக்கு மிகை என்பாரும் உண்டு. தெரிந்தே பொய் சொன்னார்கள் என்ற வாக்குமூலம் மாத்திரம் அப்படியே நிற்கிறது.

'சோவியத் அறியக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய்' என்பார்கள். பொய்க்கு மேல் பொய்! 1956 ஜூலை 4-ந் தேதி யு-2 முதன்முதலாகச் சோவியத் பூமியின் மேல் பறந்தபோதே சோவியத் ராடார்கள் அதைப் பிடித்துவிட்டன. ஜூலை 10-ந் தேதி மாஸ்கோ எழுத்து மூலம் கண்டனமும் அனுப்பியது. ஆக, யு-2 பறப்பது கிரெம்ளினுக்குத் தெரியும். வெள்ளை மாளிகைக்குத் தெரியும். தெரியாதிருந்தவர் யார்? செலவைக் கொடுத்த அமெரிக்க மக்கள் மட்டுமே!

1960 மே தினத்தன்று குட்டு உடைந்தது. நமது அண்டையிலிருக்கும் பெஷாவர் தளத்திலிருந்து கிளம்பிய யு-2-வை ஸ்வெர்ட்லாவ்ஸ்க் அருகே சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. 'வானிலை ஆராய்ச்சி விமானம் வழி தவறிவிட்டது' என்றது வாஷிங்டன். ராஸ்வெல்லில் பாடிய அதே பழைய பாட்டு! விமானி பவர்ஸ் உயிரோடு பிடிபட்டிருக்கிறார் என்று குருஷ்சேவ் அறிவித்ததும் பாட்டு நின்றது. மே 11-ந் தேதி ஐசன்ஹோவர் ஒப்புக்கொண்டார். பாரிஸில் கூடவிருந்த நாலு வல்லரசு மாநாடு சிதைந்தது. சமாதானத்துக்குக் கிடைத்த ஒரு சந்தர்ப்பம், பனித்துகள் என்று சொல்லி மறைக்கப்பட்ட விமானத்தால் பாழாயிற்று.

'சோவியத்தில் இது நடக்கவில்லையா?' என்று கேட்பவர் இருக்கலாம். நடந்தது, மறைக்க நமக்கு அவசியமில்லை. 1977 செப்டம்பர் 20 விடியற்காலையில் பெட்ரோசவாட்ஸ்க் நகர மக்கள் ஆகாயத்தில் பிரகாசமான அதிசயம் ஒன்றைக் கண்டு திகைத்தார்கள். பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ஏவிய ராக்கெட் அது. அப்படி ஒரு தளம் இருப்பதையே அப்போது வெளியில் சொல்வதில்லை. விளைவு? வதந்தி பெருகியது, ராணுவமும் விஞ்ஞானக் கழகமும் 1978 முதல் 1990 வரை விசாரணை நடத்த நேர்ந்தது. தவறு தவறுதான். மக்களிடமிருந்து மறைக்கும் ராணுவ ரகசியம் எந்தக் கொடியின் கீழும் மூட நம்பிக்கையைத்தான் விளைவிக்கும் என்பதற்கு அது சாட்சி.

எரிகுழியில் வெந்த தொழிலாளி

யு-2-வைச் சோதித்த இடம் நெவாடா பாலைவனத்தின் க்ரூம் ஏரி. 'ஏரியா 51' என்று உலகமெல்லாம் வாய்பிளந்து பேசும் இடம். வேற்றுக் கிரகத்துப் பிணங்களை அங்கே பதுக்கியிருக்கிறார்கள் என்று சினிமாக்கள் எடுத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள். அந்த வதந்திக்கு ராணுவமே நெய் வார்த்தது. 1980-களில் விமானப் படைக் கர்னல் ஒருவர், அந்தத் தளத்தருகே இருந்த மதுக்கடைக்காரருக்குப் போலித் தட்டுப் படங்களைக் கொடுத்துப் பரப்பினார். ராடாருக்குப் புலப்படாத புதிய போர் விமானத்தை மறைக்கவே இந்த ஏற்பாடு என்று 2025 ஜூனில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற முதலாளிகளின் பத்திரிகையே எழுதியது.

அங்கே பதுக்கப்பட்ட பிணங்கள் உண்டு. அவை வேற்றுக் கிரகத்தாருடையவை அல்ல, தொழிலாளிகளுடையவை!

1994-ல் அந்தத் தளத்தில் வேலை செய்த தொழிலாளிகளும், இறந்துபோன இரண்டு தொழிலாளிகளின் விதவைகளும் வழக்குத் தொடுத்தார்கள். இறந்தவர்கள் இருவரும் உலோகத் தகடு வேலை செய்தவர்கள். விஷ ரசாயனக் கழிவுகளைத் திறந்த குழிகளில் கொட்டி எரித்தார்கள். புகை எங்கள் மீது படிந்தது. பாதுகாப்பு உடை கேட்டும் தரவில்லை. தோல் வெடித்துச் செதில் செதிலாக உரிந்தது - இது அவர்கள் குற்றச்சாட்டு. பழிவாங்கலுக்கு அஞ்சி உயிரோடிருந்தவர்கள் பெயரைக்கூட வெளியிடாமல் வழக்காடினார்கள். என்னென்ன எரித்தார்கள் என்று சொல்லுங்கள், வைத்தியருக்காவது தெரியட்டும் என்று கேட்டார்கள்.

சர்க்கார் தந்த பதில்: 'ராஜ்ய ரகசியம்!' 1995 செப்டம்பரில் ஜனாதிபதி கிளிண்டன், சுற்றுச்சூழல் சட்டப்படி அந்தத் தளம் விவரம் வெளியிட வேண்டியதில்லை என்று விலக்களித்துக் கையெழுத்திட்டார். 1998-ல் மேல் கோர்ட்டு வழக்கைத் தள்ளியது. சுப்ரீம் கோர்ட்டு அதே வருஷம் கேட்கவே மறுத்துவிட்டது. தளத்தின் பெயரைக்கூடச் சர்க்கார் கோர்ட்டில் சொல்லவில்லை.

வேற்றுக் கிரக மனிதனைத் தேடி அந்தப் பாலைவனத்துக்கு ஆயிரக்கணக்கானோர் போனார்கள். தொழிலாளியின் வெந்த தோலைத் தேடிப் போனவர் எத்தனை பேர்? முதலாளித்துவப் பத்திரிகைகள் எந்தக் கதைக்கு எத்தனை பத்தி ஒதுக்கின? பறக்கும் தட்டு செய்யும் வேலை இதுதான். அது மேலே பறக்க, எல்லோரும் அண்ணாந்து பார்க்க, கீழே குழியில் எரிவது கண்ணில் படாமல் போகிறது.

புதிய விசாரணை, பழைய கஜானா

'நீலப் புத்தகம்' மூடியதோடு கதை முடிந்ததா? 2007 முதல் 2012 வரை பென்டகன் மறுபடியும் ரகசியமாக ஒரு விசாரணை நடத்தியதை 2017 டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டது. செலவு 2 கோடியே 20 லட்சம் டாலர். பணம் வாங்கிக் கொடுத்தவர் செனட்டர் ஹாரி ரீட். பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது அவருடைய நீண்ட நாள் நண்பரான கோடீசுவரர் பிகலோவின் கம்பெனிக்கு!

2021 ஜூனில் உளவுத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. 144 சம்பவங்கள்; விளக்கம் கண்டது ஒன்றே ஒன்று - காற்றுப்போன பெரிய பலூன்! 2022-ல் பென்டகன் புதிய அலுவலகமே திறந்தது. 2023 ஜூலையில் மாஜி உளவு அதிகாரி ஒருவர் பிரதிநிதி சபைக் கமிட்டி முன் சத்தியம் செய்து, வேற்று உலகத்து வாகனங்களைச் சர்க்கார் ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னார். நேரில் பார்த்தாரா? இல்லை, பிறர் சொல்லக் கேட்டாராம். 2024 மார்ச்சில் புதிய அலுவலகம் பழைய கோப்புகளைப் புரட்டி, வேற்றுக் கிரகத்தார் வந்ததற்கு எந்த அத்தாட்சியும் இல்லை, பெரும்பாலானவை சாதாரணப் பொருள்களைத் தவறாகக் கண்டவை, சில நமது ரகசிய விமானங்களே என்று அறிக்கை விட்டது. தானே பூட்டி, தானே திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தானே சாட்சி சொல்வதற்கு ஓர் அலுவலகம்!

தட்டைக் கண்டதாகச் சொல்லும் சாதாரண மனிதரை நாம் பரிகசிக்கவில்லை. அவர் கண்டது பெரும்பாலும் உண்மையான ஒளி. அவருக்குச் சொல்லப்பட்டது உண்மையான பொய். சர்க்கார் எதையோ மறைக்கிறது என்ற அவருடைய சந்தேகம் நியாயமானது. மறைக்கப்பட்டது வேற்று உலகத்திலிருந்து வந்ததல்ல, இந்த உலகத்தில் லாபம் சம்பாதிப்பது என்பதை மட்டும் அவர் கண்டுகொள்ள வேண்டும்.

2023-க்கு அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதித்த ராணுவச் செலவு 85,000 கோடி டாலருக்கு மேல். 2018 முதல் 2024 வரை பென்டகன் ஏழு முறை முழுத் தணிக்கைக்கு உட்பட்டது. ஏழு முறையும் கணக்குத் தேறவில்லை. அடையாளம் தெரியாத பொருள்களை ஆகாயத்தில் தேடுவானேன்? கணக்குப் புத்தகத்தைப் புரட்டினாலே வேண்டிய மட்டும் அகப்படுமே!

விஞ்ஞானிக்கு விடுங்கள்

வேறு விதமாகவும் இந்த விசாரணையை நடத்தலாம். நமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் நமது ராணுவ வீரர்கள் 329 தடவை இனம் தெரியாத ஒளிகளைக் கண்டார்கள். சீனாவின் வேவு விமானங்கள் என்று சந்தேகம். பதற்றம் மிகுந்த எல்லை. யாராவது ஒரு வீராவேசக்காரர் ஏவுகணையை விட்டிருந்தால்? நல்லவேளையாக விஷயம் வான சாஸ்திரிகளிடம் போயிற்று. நமது கொடைக்கானலிலும் காவலூரிலும் வானாராய்ச்சி நிலையங்கள் நடத்தும் இந்திய வான்பௌதிகக் கழகத்தின் விஞ்ஞானிகள் கணக்கிட்டுப் பார்த்துச் சொன்னார்கள்: அவை வியாழனும் சுக்கிரனும்! ஏவுகணை செலவில்லை, மாண்டவர் இல்லை, நமது பத்திரிகைகளில் செய்தியும் வந்தது.

இதுதான் வழி. ஆகாயத்தில் தெரியும் ஒளியை ஆராயும் வேலை, குண்டு வைத்திருப்பவனுக்கு உரியதல்ல. தூரதரிசினி வைத்திருப்பவனுக்கு உரியது. கோப்புகள் சர்வகலாசாலைகளுக்குத் திறக்கப்படட்டும். ராணுவத்தின் வரவு செலவு மக்கள் பிரதிநிதிகள் முன் காசு காசாக வைக்கப்படட்டும். க்ரூம் ஏரிக் குழியருகே நின்ற ஒவ்வொரு தொழிலாளிக்கும், தான் சுவாசித்தது என்ன விஷம் என்ற உண்மையும், உரிய நஷ்டஈடும் கிடைக்கட்டும். அமெரிக்க உழைப்பாளி கேட்டாலும் நமது நாட்டு உழைப்பாளி கேட்டாலும் இந்தக் கோரிக்கை ஒன்றுதான். ராணுவ ரகசியம் என்று சொன்னவுடன் வாய்பொத்தி நிற்கும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது. அதையும் நாம் கைவிடவேண்டும்.

தலைக்கு மேலே புதிதாக ஓர் ஒளி தோன்றினால் தாராளமாக அண்ணாந்து பாருங்கள். ஆனால் ஒரு கையால் மடியிலுள்ள பணத்தைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். 'அதோ பார் தட்டு!' என்று கத்துபவனுடைய மற்றொரு கை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள்!